கயிறு தரையில் இருக்கிறது

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பா,

நீ விமானப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போன் செய்தாள். பேசி முடிப்பதற்குள் மூன்று முறை அழுதாள். பெருமையில் ஒரு முறை, பணக் கவலையில் ஒரு முறை, பயத்தில் ஒரு முறை. "அண்ணா, முதல்ல சின்ன பிளேன்தான் ஓட்டணுமாம். அதுதானே அடிக்கடி விழுது? நீ சொன்னா கேப்பா. ஏதாவது எழுதிப் போடு" என்றாள். பயப்படாதே என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். உனக்கு அப்படிச் சொல்லப் போவதில்லை. உனக்குக் கொஞ்சம் பயம் வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்த பயமாக அது இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விமானத்தைப் பற்றிப் பேச இவர் யார் என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் விமான ஓடுதளம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் ஆச்சரியம். நீ பிறப்பதற்கு முன்னால் வாயுதூத் விமானம் சென்னையிலிருந்து இங்கே வந்து போகும். இப்போது உடான் திட்டத்தில் மறுபடி வரும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அன்று விமானம் வரும் நேரத்துக்கு வேலி ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பேன். அந்த ஆசைதான் பிறகு விபத்து விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமாக மாறியது. சுரங்கத்தில் பெல்ட் மெக்கானிக்காக வாழ்நாளைக் கழித்தவனுக்கு, ஒரு யந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைவிட எப்படி நின்றது என்பதில்தான் கவனம் போகும்.

சுரங்கத்தில் நான் கற்ற ஒரு பொருளைச் சொல்கிறேன். மேல்மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டை நீ வியூ பாயிண்டிலிருந்து பார்த்திருக்கிறாய். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெல்ட்டை ஒட்டி நெடுக ஒரு கயிறு போகும். புல் கார்டு என்போம். பெல்ட் கிழிகிறது, ரோலர் சிக்கியிருக்கிறது, ஆள் பக்கத்தில் போய்விட்டான், எதுவாக இருந்தாலும் அந்தக் கயிற்றை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஹெல்பர் இழுக்கலாம், பயிற்சிக்கு வந்த பையனும் இழுக்கலாம். என் சீனியர் முதல் நாளே சொன்னார்: "கயித்த இழுத்தவன் கிட்ட ஏன் இழுத்தேன்னு கேக்கலாம். ஏண்டா இழுத்தேன்னு கேக்கக் கூடாது." அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் பல பேருடைய உயிர் இருக்கிறது, பாப்பா.

விமானத்தில் அந்தக் கயிறு கிடையாது. நடுவானில் ஓரங்கட்டி நிற்க முடியாது. அதனால் உன் கயிறு தரையில்தான் இருக்கிறது. சாவியைக் கையில் எடுக்கும் முன்பு, "இன்று வேண்டாம்" என்று சொல்வதுதான் அது. மேலே போன பிறகு மிஞ்சுவது அதன் ஒரு சின்ன நுனி. "திரும்பிவிடுகிறேன்" என்று சொல்வது. சிறு விமானங்களின் சாவுகளை வரிசையாக வைத்துப் படித்தால், பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவர் அந்தக் கயிற்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்திருப்பது தெரியும். அமெரிக்காவில் விமானிகள் சங்கம் ஆண்டுதோறும் நால் அறிக்கை என்று ஒன்று வெளியிடுகிறது. சிறு விமான விபத்துகளில் நாலில் மூன்று பங்குக்குப் பக்கத்தில் விமானியின் முடிவும் கைவேலையும் காரணம் என்றுதான் அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. யந்திரம் உடைந்து விழுந்தவை சிறுபான்மை.

பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள், இரண்டு இன்ஜின், கீழே வானிலை பார்க்கவும் எரிபொருள் கணக்குப் போடவும் தனித்தனி ஆட்கள். நீ தனியாகப் பறக்கும் சின்ன செஸ்னாவில் அவ்வளவு பேரும் நீ ஒருத்திதான். அதனால் ஒவ்வொரு ஆபத்தையும் ஊரும் பேரும் வைத்துத் தெரிந்துகொள்.

முதலாவது ஸ்டால். நம் ஊரில் ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். விமானத்தில் இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை தூக்குவதை நிறுத்திவிடுவதற்குப் பெயர்தான் ஸ்டால். ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து சார்ட் ஒட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? அட்டையின் முன் ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்தினாய், அது உன் கையை மேலே தூக்கியது. சிரித்தாய். இன்னும் கொஞ்சம் உயர்த்தினாய். ஒரே நொடியில் அது தூக்குவதை விட்டுவிட்டுப் பின்னால் இழுத்தது. உன் கையிலிருந்து பறந்து சாலையில் விழுந்தது. இறக்கையும் அவ்வளவுதான். காற்றை எதிர்கொள்ளும் கோணம் பதினைந்து பதினாறு டிகிரியைத் தாண்டினால் மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும்.

உயரத்தில் இது நடந்தால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். அதைத்தான் உனக்கு முதலில் கற்றுத்தருவார்கள். இது கொல்வது தரைக்குப் பக்கத்தில், குறிப்பாக இறங்குவதற்கு முன்னால் ரன்வேயை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில். ரன்வேயைத் தாண்டிப் போய்விட்டோம் என்று தெரிந்ததும் கை தானாக இன்னும் சாய்க்கும், இன்னும் இழுக்கும். கணக்கைப் பார்: நேராகப் பறக்கும்போது 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் 70 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். விமானம் அதே விமானம், நீயும் அதே நீ. சாய்த்த ஒரே காரணத்தால் இருபது நாட் கைவிட்டுப் போய்விடும். அந்த இடத்தில் கயிற்றை இழுப்பது என்றால், இந்த முறை இறங்கவேண்டாம் என்று பவர் கொடுத்து மேலே போய், இன்னொரு சுற்றுச் சுற்றி வருவது. ஐந்து நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான்.

இரண்டாவது மேகம். நீ எட்டாவது படிக்கும்போது என் வீட்டுச் சுழல் நாற்காலியில் உன்னை உட்காரவைத்துத் துண்டால் கண்ணைக் கட்டி மெதுவாகச் சுற்றினேன். எந்தப் பக்கம் சுற்றுகிறாய் என்றால் சரியாகச் சொன்னாய். அரை நிமிடம் ஒரே வேகத்தில் சுற்றியபின் கேட்டேன். "நின்னுடுச்சு மாமா" என்றாய். நாற்காலி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நான் அதை நிறுத்தியதும், "இப்போ எதிர்ப்பக்கம் சுத்தறீங்க" என்றாய். கட்டை அவிழ்த்துப் பார்த்து நீ வாயடைத்துப்போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. காதுக்குள் இருக்கும் திரவம் திருப்பத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும்தான் சொல்லும். நடுவில் நடப்பதை அது மறந்துவிடும். மேகத்துக்குள் போனவுடன் நீ அதே நாற்காலியில் கண் கட்டி உட்கார்ந்திருக்கிறாய். இப்போது உன் கையில் ஸ்டியரிங் வேறு இருக்கிறது.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிக்காட்சி தெரியாதபடி செய்து பறக்கவைத்துப் பார்த்தார்கள். கூட இன்ஸ்ட்ரக்டர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு. 1999 ஜூலை 16ஆம் தேதி இரவு, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் தன் பைப்பர் விமானத்தில் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேல் பறந்தார். புகைபோன்ற மூட்டம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இருட்டு. இருட்டில் திசையுணர்வு தவறிக் கட்டுப்பாடு போனது என்பதே விசாரணை முடிவு. விமானத்தில் கோளாறு இல்லை.

கடலும் இரவும் என்றதும் நமக்கு நம் கடல் நினைவுக்கு வரும். 2015 ஜூன் 8ஆம் தேதி கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பி இரவில் காணாமல் போனது. உள்ளே மூன்று பேர். நாம் விடுமுறைக்குப் படகில் போகும் பிச்சாவரத்துக்கு நேர் எதிரே உள்ள கடலில் அதைத் தேடினார்கள். கப்பல்கள், ஒரு நீர்மூழ்கிக் கப்பல், கடைசியில் ஆழ்கடல் வேலைக்கான தனியார் கப்பல். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பறப்புப் பதிவுக் கருவியை எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடமைக்காகப் போனவர்கள் அவர்கள். செய்தித்தாளில் அந்தக் குடும்பங்களின் காத்திருப்பைப் படித்த நாட்களில் உன் அம்மா உன்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அப்போது நீ சின்னப் பெண். இன்று அவள் ஏன் அழுகிறாள் என்று புரிந்துகொள்.

மூன்றாவது எரிபொருள். கேட்டால் சின்னப் பிள்ளைத் தவறு மாதிரி இருக்கும். ஆனால் உலகம் முழுவதும் இன்றும் விமானங்கள் டாங்க் காலியாகி விழுகின்றன. மீட்டரை நம்பாதே. செஸ்னாவில் டாங்க் இறக்கைக்குள் இருக்கும். ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பார். நாங்கள் டீசல் டாங்கில் டிப் பார்ப்பதுபோலத்தான். பிறகு கீழே வந்து, அடியிலிருக்கும் வால்வில் சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்துக் கொஞ்சம் பிடி. பிஸ்டன் இன்ஜினுக்கான பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமாகையால் குப்பியின் அடியில் நிறமில்லாத முத்துப்போலப் போய் உட்காரும். மழைக்கு மறுநாள் காலை அந்த முத்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஏறாதே. குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடு எதுவும் தெரியாது. நிறத்தைப் பார், மோந்தும் பார்.

கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் இன்னொரு விஷயம் உண்டு. நெய்வேலி வெயிலில் ஐஸா என்று உன் அப்பா சிரிப்பார். பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் கார்புரேட்டருக்குள் வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் இறங்கும். புழுக்கமான நாளில், வெளியே இருபது, இருபத்தைந்து டிகிரி இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்டி மூச்சை அடைத்துவிடும். நம் கடற்கரை முழுக்க அந்தப் புழுக்கம்தான். கார்ப் ஹீட் என்று ஒரு குமிழ் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு உன் கைக்குத் தெரிய வேண்டும்.

நாலாவது, கிளம்பிய உடனே இன்ஜின் நிற்பது. அந்த நேரத்தில் மனசு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கும்: பின்னால் இருக்கிற ரன்வேக்குத் திரும்பு. தாழ்ந்த உயரத்தில் அந்தத் திருப்பம் பல பேரைக் கொன்றிருக்கிறது. இன்ஜின் இல்லாத விமானம் திரும்பும்போது உயரத்தைக் கொட்டிவிடும். பதற்றத்தில் மூக்கை உயர்த்தினால் மறுபடி முதலில் சொன்ன அந்த அட்டை. முன்னால் தெரிகிற வயலோ கரும்புக் கொல்லையோ, வேகத்தை விடாமல் அதில் இறக்கு. விமானம் நொறுங்கட்டும். அது காப்பீட்டுக்காரர் கவலை. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம், முன்பக்கம் பழுதானதும் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலைப் பக்கம் ரோட்டிலேயே இறங்கியது. ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்த படத்தை நீயும் போனில் பார்த்திருப்பாய். உள்ளே இருந்த இரண்டு பேரும் நடந்து வெளியே வந்தார்கள். நீ அந்தப் படத்தில் விமானத்தைப் பார்க்காதே, நடந்து வந்த இரண்டு பேரைப் பார்.

ஐந்தாவதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். யாராவது கீழேயிருந்து பார்க்கிறார்கள் என்றால் பறப்பவருக்கு ஒரு மயக்கம் வரும். 1980 ஜூன் 23ஆம் தேதி காலை டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பிட்ஸ் என்ற சாகச விமானத்தில் தாழ்வாகக் கரணம் போட்டபோது சஞ்சய் காந்தி விழுந்து இறந்தார். கூட வந்த கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தார். குட்டிக்கரணத்துக்கென்றே கட்டிய விமானம் அது. விமானத்துக்குத் தெரிந்த வித்தைக்கு அங்கே இருந்த உயரம் போதவில்லை. நாளைக்கு நீ நம் டவுன்ஷிப்பின் மேல் பறக்க நேர்ந்தால், நம் வீட்டு மொட்டை மாடியில் உன் தம்பி துண்டை வீசிக்கொண்டு நிற்பான். அவனுக்காக ஒரு அடிகூடத் தாழாதே.

இனிச் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். 2001 செப்டம்பர் 30ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா கான்பூர் பொதுக்கூட்டத்துக்குச் சின்ன விமானத்தில் போனார். மோசமான வானிலையில் மைன்புரி அருகே விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2004 ஏப்ரல் 17ஆம் தேதி, படையப்பாவில் நாம் பார்த்த சௌந்தர்யா பெங்களூரு ஜக்கூரிலிருந்து தேர்தல் பிரச்சாரத்துக்குச் செஸ்னாவில் கிளம்பினார். மேலே எழும்பிய சில நிமிடங்களுக்குள் விழுந்து அவரும் அவருடைய சகோதரரும் உட்பட நாலு பேர் போனார்கள். 2009 செப்டம்பர் 2ஆம் தேதி அப்போது ஆந்திர முதல்வராக இருந்த ராஜசேகர ரெட்டி சித்தூர் மாவட்ட நிகழ்ச்சிக்கு ஹெலிகாப்டரில் போனார். மழையில் நல்லமலைக் காட்டில் அது விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். மூன்றும் நடந்த விதம் வேறு வேறு. ஆனால் மூன்றிலும், போய்ச் சேரவேண்டிய இடத்தில் யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கிறவர்கள் இருந்தால் விமானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பயணி ஏறிக்கொள்கிறார். அவருக்குச் சீட் பெல்ட் கிடையாது, டிக்கெட் கிடையாது, எடை மட்டும் உண்டு. "வந்தாச்சு, இன்னும் பத்து நிமிஷம்தான், பரவாயில்லை" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

உன் விமானத்தில் ஏறப்போகிற அந்தப் பயணி யார் என்று எனக்குத் தெரியும். உன் படிப்புக் கடன். ஒவ்வொரு மணி நேரப் பறத்தலுக்கும் பணம் கட்டுகிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் சேரவேண்டும். உன் அம்மாவின் வளையல் எந்த வங்கியில் இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைவலியோடு எழுந்த ஒரு காலையில், மேற்கே கறுத்துக்கொண்டு வரும் ஒரு மாலையில், "இன்னைக்கு விட்டா ஸ்லாட் போயிடும், அம்மா பணம்" என்று மனசு சொல்லும். நான் அண்ணன் என்கிற உரிமையில் அவளிடம் கேட்டுவிட்டேன். நீ திரும்பி வந்தால் போதும், எத்தனை மாதம் கூட ஆனாலும் கட்டுவேன் என்றாள். அதனால் அந்தப் பயணியை வாசலிலேயே இறக்கிவிடு. வளையல் காக்பிட்டுக்குள் வரக்கூடாது.

இன்ஸ்ட்ரக்டரிடம் மரியாதையாக இரு. ஆனால் புரியாததைப் புரிந்ததாகச் சொல்லாதே. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. செக்லிஸ்ட்டை மனப்பாடமாக ஒப்பிக்காதே. தாளைக் கையில் வைத்து, விரலை வரியின் மேல் வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார். நூறாவது தடவையும் அப்படியே. முப்பது வருஷம் ஒரே பெல்ட்டைப் பார்த்தவர்களும் லாக் புக்கைப் பார்க்காமல் ஷிப்ட் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். விபத்து அறிக்கைகளைப் படி. நம் நாட்டு விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு வெளியிடுபவை இணையத்தில் இருக்கின்றன. சின்ன விமானங்கள் பலவற்றில் பதிவுக் கருவி இருக்காது. அதனால் புலனாய்வாளர்கள் உடைந்த இரும்பிடம் கேட்கிறார்கள். புரொப்பெல்லர் முறுக்கிக்கொண்டு மடங்கியிருந்தால் விழும்போது இன்ஜின் சக்தியோடு சுழன்றது என்று அர்த்தம். எத்தனையோ அறிக்கைகளில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். இன்ஜின் நன்றாக இருந்திருக்கிறது, பாப்பா. இறக்கை நன்றாக இருந்திருக்கிறது. தரையில் யாராவது ஒருவர் கயிற்றை இழுத்திருக்கலாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் சோலோ பறந்த அன்று அம்மாவுக்குப் போன் செய். அவள் தெரு முழுக்கச் சொல்வாள், சொல்லட்டும். எனக்கு நீ பறக்காத நாளில் போன் செய். "மாமா, இன்னைக்கு மேகம் சரியில்லை, இறங்கிட்டேன்" என்று சொல். "மாமா, தூக்கம் பத்தலை, வேண்டாம்னுட்டேன்" என்று சொல். என் பழைய ஷிப்ட் டைரி ஒன்று பாதி எழுதாமல் இருக்கிறது. அதில் தேதி போட்டு அந்த நாட்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கப்போகிறேன். ஏன் இழுத்தாய் என்று கேட்பேன், காரணத்தையும் எழுதிக்கொள்வேன். ஒருநாளும் இன்னொரு கேள்வியைக் கேட்கமாட்டேன்.

நீ உரிமம் வாங்கி ஊருக்கு வரும்போது அந்த டைரியை உன்னிடம் கொடுக்கிறேன். உன் லாக் புக்கில் பறந்த மணிகள் இருக்கும். அந்த மணிகளைக் காப்பாற்றியது எதுவோ, அது இதில் இருக்கும்.

அன்புடன்,
மாமா